ஃபிட்டர் போட்ட பூட்டு

ஐஸ் பெட்டியின் உறுமல் நின்றதும் கூடத்தில் அழுகையும் நின்றது.

அழுதுகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்கள். மின்விசிறி இன்னும் ஒரு சுற்றுச் சுற்றலாமா என்று யோசிப்பதுபோலத் தள்ளாடி, எதற்கு வம்பு என்று நின்றுகொண்டது. "போச்சா!" என்றாள் எதிர்வீட்டு டீச்சர், பழக்கதோஷத்தில். சொன்ன சூட்டோடு, அதைவிடப் பழைய பழக்கதோஷத்தில், பெட்டிக்குள் படுத்திருந்தவரை ஒரு முறை முறைத்தாள். பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி அழத் தொடங்கினாள்.

டீச்சரைச் சொல்லிக் குற்றமில்லை. இறந்துபோனவர் அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர். போல்ட்டை முறுக்குவதும் பேரிங்கை மாற்றுவதும்தான் அவர் வேலை. ஆனால் தெருவைப் பொறுத்தவரை மொத்த ஊருக்குமான சுவிட்ச் அவருடைய சட்டைப் பையில் இருந்தது. மழை பெய்து கம்பி அறுந்தாலும், லாரி மோதிக் கம்பம் சாய்ந்தாலும், அடுத்த நிமிடம் ஃபிட்டர் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். "என்ன சார், எங்க கரண்டை எப்ப குடுக்கறதா உத்தேசம்?" என்பார் மாடிவீட்டுக்காரர், ஏதோ கைமாற்றாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதுபோல. ஃபிட்டர் யாரிடமும் விளக்கம் சொன்னதில்லை. "வந்துடும்" என்பார். சில சமயம் வரவும் செய்தது. அதனால் அவர்மேல் சந்தேகம் இன்னும் வலுத்தது.

ஃபிட்டரின் இரண்டு பெண்களில் பெரியவள் பெட்டியின் கண்ணாடி மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ச்சி இருந்தது. எவ்வளவு நேரத்துக்கு இருக்கும் என்று சொல்ல அவளுக்குப் படிப்புப் போதாது. பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள் அவள். நாற்பதைத் தொடப்போகிற வயது. கல்யாணமாகிப் போன வேகத்திலேயே அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள். ஏன் திரும்பினாள் என்பதற்குத் தெருவில் மூன்று கதைகள் உண்டு. மூன்றும் தப்பு.

"தெறக்காம வச்சீங்கன்னா குளுரு உள்ளயே நிக்கும்மா," என்று பெட்டிக்காரன் போகும்போது சொல்லியிருந்தான். "ஃப்ரிட்ஜு மாதிரிதான். சும்மா சும்மா தெறந்து பாக்கறதுதான் ஆகாது."

நேற்றுப் பிற்பகல் அப்பா வேலை நடுவில் வீட்டுக்கு வந்தார். அப்படி வருகிறவர் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தார், ஷூவைக் கழற்றக் குனிந்தார், நிமிரவில்லை. இன்று மாலை சின்னவள் வருகிறாள். கடல் தாண்டி இருக்கிறவள். இரண்டு விமானம் மாறி வரவேண்டும். நேற்று போனில் அவள் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். "நான் வர்ற வரைக்கும் வச்சிருப்பீங்கல்ல?" பெரியவளும் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். "வச்சிருப்போம். நீ வா."

சொல்லும்போது ஊரில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது அவள் நினைவிலேயே இல்லை. மின் நிலையத்தில் ஒரு யூனிட்டை ஆண்டுப் பராமரிப்புக்காக நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் அதை ஷட்டவுன் என்பார்கள். அதில்தான் அப்பா வேலை செய்துகொண்டிருந்தார். நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு யூனிட்டில் குழாய் வெடித்து அதுவும் படுத்துவிட்டது. ஆகவே ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டுக்குக் கொடுத்து ஒரு துண்டில் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அரசாங்கம் அதைச் சுழற்சி முறை மின்தடை என்றது. தெருவில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. சாவு வீடு என்பதால் இன்று யாரும் அவற்றைச் சொல்லவில்லை.

பெரியப்பா வாசலிலிருந்து வந்தார். அப்பாவின் அண்ணன். உறவில் எந்தச் சாவு விழுந்தாலும் அதை முன்னின்று நடத்திக் கொடுப்பதில் கைதேர்ந்தவர். நல்ல காரியங்களுக்கு அவரை யாரும் இவ்வளவு தேடுவதில்லை.

"ஜெனரேட்டர் எங்கயும் கெடைக்கல. இருக்கறதெல்லாம் கல்யாண மண்டபத்துக்கும் துணிக்கடைக்கும் போயிடுச்சாம்," என்றார். குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்திய குரல் தெருக்கோடிவரை கேட்கும். "இந்தா பாரும்மா, கோவிச்சுக்காத. இந்த வெயிலு, இந்தக் கரண்டு. சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்து, முகம் ஒரு மாதிரி ஆயிட்டா, சின்னவ பாத்து என்ன பண்ணப்போறா? மத்தியானத்துக்குள்ள எடுத்துடலாம்."

"அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன், பெரியப்பா."

"வாக்கு குடுக்கறது ஈஸி. ஐஸ் யாரு குடுக்கறது?"

அம்மா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து பத்து வார்த்தைக்கு மேல் பேசியிருக்க மாட்டாள். அழவும் இல்லை. அவள் அழாததைப் பற்றிப் பின்கட்டில் ஏற்கெனவே ஒரு சுற்றுப் பேச்சு முடிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் மின் நிலையத்து ஜீப் வாசலில் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் ஷிஃப்ட் இன்ஜினியர். தாடி நரைத்து முளைத்திருந்தது, கண் சிவந்திருந்தது. துக்கத்தில் சிவந்ததா தூக்கமில்லாமல் சிவந்ததா என்று பெண்கள் பார்வையாலேயே ஆராய்ந்து, தூக்கம்தான் என்று முடிவுகட்டினார்கள். இன்னொருவன் நெட்டை. அப்பாவோடு கூடவே வேலை செய்தவன். வாசல் நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தவன், பெட்டியைப் பார்த்ததும் நிமிர மறந்து அப்படியே நின்றான்.

மாலையைக் கண்ணாடிமேல் வைத்தார்கள். கும்பிட்டார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பாமல் காலை மாற்றி மாற்றி நிற்கிறவர்களுக்கு வேறு காரியம் இருக்கும். இது தெருவுக்குத் தெரியாதா என்ன? டீச்சர் அழுகையை ஒரு சுதி குறைத்துக்கொண்டு இரண்டடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

இன்ஜினியர்தான் ஆரம்பித்தார். "அம்மா, கேக்கக்கூடாத நேரத்துல கேக்கறேன். அண்ணன்கிட்ட ஒரு சின்ன சாவி இருந்திருக்கும்..."

"என்ன சாவி?" என்றாள் பெரியவள்.

அவர் நெட்டையைப் பார்த்தார். நெட்டை சொன்னான். "பூட்டுச் சாவி, பாப்பா." நாற்பது வயதுப் பாப்பாவை யாரும் அங்கே விசித்திரமாகப் பார்க்கவில்லை. "மெஷினுக்குள்ள எறங்கறவன், எறங்கறதுக்கு முன்னாடி அந்த மெஷினோட சுவிட்சுல தன் பூட்டைப் போட்டுட்டுத்தான் எறங்கணும். சாவி அவன்கிட்டயேதான் இருக்கும். உள்ள ஆளு இருக்கறப்ப எவனும் தெரியாம ஓட்டிடக் கூடாதில்ல? போட்டவன் கைதான் எடுக்கணும். அண்ணன் நேத்து பாய்லர் விசிறில பூட்டு போட்டிருந்தாரு. வேலை முடிஞ்சுது. நாங்கல்லாம் எங்க பூட்டை எடுத்துட்டோம். அண்ணன் மட்டும், 'பேரிங்கை ஒருவாட்டி பாத்துட்டு எடுத்துக்கறேன்'னாரு. அதுக்குள்ள நெஞ்சு கரிக்குதுன்னாரு. ஒரு சோடா குடிச்சாரு. வீட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன்னு..."

"பூட்டு தொங்குது," என்று இன்ஜினியர் முடித்து வைத்தார். "மத்ததெல்லாம் ரெடி. அந்த விசிறி ஓடாம பாய்லரைப் பத்தவைக்க முடியாது."

பெரியப்பா இதைக் கேட்டுத் திகைத்துப்போனார். "ஏன் சார், ஒரு பூட்டுக்கா ஊரே இருட்டுல கெடக்குது? அறுத்துத் தள்ள வேண்டியதுதானே?"

"அறுக்க எனக்கு அனுமதி இருக்கு. கட்டர் ஜீப்லயேதான் கெடக்கு." இன்ஜினியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முன்னாடி ஒருதடவை அப்படித்தான் அறுத்தாங்க. ஆளு வீட்டுக்குப் போயிட்டான், மறந்துட்டுப் போயிட்டான்னு நெனச்சு. அவன் போகல. உள்ளதான் இருந்தான். அண்ணனோட சேக்காளி. அதுக்கப்புறம் அண்ணன்தான் எல்லார்கிட்டயும் சண்டை போட்டு இந்த வழக்கத்தைக் கொண்டாந்தாரு. இப்ப அவரு பூட்டை அறுக்க ஒருத்தன் கை நீட்ட மாட்டேங்கறான். காலைல நானே கட்டரை எடுத்துட்டுப் போனேன். என்னாலயும் முடியல."

டீச்சருக்குத்தான் முதலில் நாக்கு புரண்டது. "எடுத்துட்டா உடனே கரண்ட் வந்துடுமா சார்?"

"இப்ப எடுத்தா, பத்தவச்சு, ஆவி ஏறி, சக்கரம் சுத்தி... நாளைக்கு மதியம் ஆயிடும்மா."

"நாளைக்கா!" சாவுச் செய்தி வந்தபோதுகூட டீச்சரின் முகம் இப்படித் தொங்கவில்லை.

"அப்ப எங்களுக்கு இன்னைக்கு இதனால ஒண்ணும் இல்ல," என்றாள் பெரியவள்.

"இல்ல," என்றார் இன்ஜினியர். பொய் சொல்லும் தெம்புகூட அவரிடம் இருக்கவில்லை. "வேணும்னா உங்க தெரு லைனை மட்டும் இன்னைக்கு விட்டு வைக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கறேன்."

தெருவின் கண்கள் பளபளத்தன. அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மாடிவீட்டுக்காரர் தற்செயலாகப் போவதுபோல அவர் பின்னாலேயே போனார். இருவரும் திரும்பி வரும்போதே முகத்தில் பதில் எழுதியிருந்தது. "இந்த லைனை விட்டா ஆஸ்பத்திரி லைன்ல கை வைக்கணுமாம்," என்றார் இன்ஜினியர். "சரி, ஆஸ்பத்திரியாவது இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் டீச்சர், தன் சொத்திலிருந்து எழுதிக் கொடுப்பதுபோல.

"சாவி எங்க இருக்குன்னு தெரியல," என்று பெரியவள் சொல்ல ஆரம்பித்தாள். "நேத்து போட்டிருந்த துணியெல்லாம்..."

"அவர் கழுத்துல இருக்கு," என்றாள் அம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். நேற்று உடம்பைத் துடைத்து உடை மாற்றியபோது கழுத்தில் ஒரு ஷூ லேஸ் கிடந்ததையும், அதை எடுக்கப் போன கையை அம்மா தட்டிவிட்டதையும் பெரியவள் நினைத்துப் பார்த்தாள். ஏதோ தாயத்து என்றுதான் எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள்.

"ஷட்டவுன் சமயத்துல அதைக் கழட்டமாட்டாரு," என்றாள் அம்மா. "குளிக்கும்போதும் கெடக்கும்."

எடுக்க வேண்டுமென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். திறந்தால் இருக்கிற குளிரும் போய்விடும். அது அங்கிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பெரியப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் முன்னதாகவே. "அதான் நானும் சொல்றேன். தெறக்கறதுதான் தெறக்கறோம், தெறந்ததோட தூக்கிடுவோம். ரெண்டு வேலையா எதுக்கு?"

பெரியவளுக்கு ஓங்கி யாரையாவது அறையவேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை. கட்டரை வைத்துக்கொண்டு வெட்டாத இன்ஜினியரையா? செத்த பிறகும் கழுத்தில் வேலையைக் கட்டிக்கொண்டு கிடக்கும் அப்பாவையா? "அம்மா, வேணாம்மா," என்றாள். "அவ வந்து பாத்துடட்டும். சாயங்காலம் எடுத்துக் குடுத்துக்கலாம். ஊரு இன்னும் கொஞ்ச நேரம் இருட்டுல கெடந்தா குடி முழுகிடாது."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் பார்த்தாள். "பூட்டு தொங்கினா அவரு உள்ள இருக்காருன்னு அர்த்தம்," என்றாள். "தெறங்க."

நெட்டையும் மாடிவீட்டுக்காரரும் மூடியைத் தூக்கினார்கள். உள்ளிருந்து வெண்ணிறமாக ஒரு மூச்சு வெளியே வந்து தரையோடு பரவியது. பெரியவள் அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். லேஸ் கழுத்தை ஒட்டி இறுக்கமாக இருந்தது. தலைவழியே வராது. முடிச்சு பின்கழுத்தில். குளிரில் அது கல்லாக இறுகியிருந்தது. பெரியவளின் நகம் அதில் ஏறவில்லை. "கத்தரிக்கோல் எடுத்துட்டு வாங்க!" என்று யாரோ கத்தினார்கள். சாவு வீட்டில் கத்தரிக்கோல் தேடுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆளுக்கொரு அலமாரியைத் திறந்தார்கள். மூடி திறந்தே கிடந்தது. வெண்மூச்சு மெலிந்துகொண்டே வந்தது.

அம்மா முட்டியை ஊன்றி எழுந்தாள். பெட்டிக்குள் குனிந்தாள். அப்பாவின் பின்கழுத்தில் வாயை வைத்து முடிச்சைப் பல்லால் கடித்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் முன்னால் புருஷன் பக்கத்தில் உட்காராதவள். பஸ்ஸில்கூடத் தள்ளித்தான் உட்காருவாள். கூடத்தில் இருந்த பெண்கள் சட்டென்று வேறெங்கோ பார்த்தார்கள். சுவரைப் பார்த்தார்கள், காலண்டரைப் பார்த்தார்கள். எதையும் விடாமல் பார்க்கிற டீச்சர்கூடத் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவளுக்கு மட்டும் பார்க்காமல் இருக்க வழியில்லை. தலையைப் பிடித்திருந்தவள் அவள்தான். அம்மா அவசரப்படவில்லை. முடிச்சு விட்டுக்கொடுத்த பிறகும் ஒரு கணம் அங்கேயே இருந்தாள்.

மூடியைச் சாத்தினார்கள். சாவி அம்மாவின் உள்ளங்கையில் கிடந்தது. அதை நெட்டையிடம் நீட்டினாள். நெட்டை கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்கிட்ட வேணாம், அண்ணி. போட்டவன் கைதான் எடுக்கணும். அவரு வீட்டுக் கைன்னா அவரு கை மாதிரிதான். பாப்பாவை அனுப்புங்க."

"நல்லாயிருக்குப்பா கதை!" பெரியப்பா துண்டை உதறினார். "பொணத்தைப் போட்டுட்டுப் பொண்ணு ஜீப்புல ஊர்வலம் போறதா? பாக்கறவன் என்ன சொல்லுவான்?" பார்க்கிறவர்கள் எல்லோரும் அங்கேயேதான் இருந்தார்கள். என்ன சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

பெரியவள் அம்மாவின் காதருகே குனிந்தாள். "நான் போயிட்டா இவரு தூக்கிடுவாரும்மா."

அம்மா சாவியை அவள் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு தன் வலது கையைக் கண்ணாடி மூடிமேல் ஊன்றினாள். "நான் இங்கதானே இருக்கேன். போய்ட்டு வா."

மின் நிலையத்துக்குள் பெரியவள் அதுவரை போனதில்லை. சின்ன வயதில் ஒரு முறை கேட்டதற்கு, "அங்க என்ன இருக்கு, சத்தம்தான் இருக்கு" என்று அப்பா சொல்லியிருந்தார். இன்று சத்தமும் இல்லை. தலையில் நிற்காத ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி, நெட்டையின் பின்னால் நடந்தாள். தேவாலயம்போல உயர்ந்த கூடத்தில் இயந்திரங்கள் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. தூணுக்குத் தூண் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்து ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கினார்கள். இவர்கள் வருவதைப் பார்த்து ஒருவன் அடுத்தவனை எழுப்பினான். எழுந்தவர்கள் பின்னால் வந்தார்கள். யாரும் யாரையும் வரச் சொல்லவில்லை.

நேராகப் பூட்டிடம் போவார்கள் என்று நினைத்தாள். நெட்டை அவளைக் கட்டடத்துக்கு வெளியே, இரும்புப் படிகளில் ஏற்றிக் கூட்டிப்போனான். லாரி நுழையும் அளவுக்கு அகலமான தகரக் குழாய் ஒன்று சுவரிலிருந்து சுவருக்குப் போனது. அதன் இடுப்பில் ஒரு ஆள் குனிந்து புகும் அளவுக்குத் துளை. உள்ளே கறுப்பு.

"இதுக்குள்ளதான் விசிறி," என்றான் நெட்டை. "பூட்டை எடுக்கறதுக்கு முன்னாடி இங்க வந்து கூப்பிடணும் பாப்பா. உள்ள யாராவது இருக்கீங்களான்னு. பூட்டு எடுக்கறவங்கதான் கூப்பிடணும்."

"உள்ள யாரும் இல்லதானே?"

"இல்ல. ராத்திரியே எண்ணிப் பாத்தாச்சு. ஆனாலும் கூப்பிடணும். அண்ணன் கூப்பிடாம எடுத்ததே இல்ல."

பின்னால் நின்றவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தார்கள். பெரியவளுக்குக் கூச்சமாக இருந்தது. கிளினிக்கில் நாளெல்லாம் டோக்கன் எண்ணைக் கூவிக் கூப்பிடுகிற தொண்டைதான். துளையில் தலையை நுழைத்தாள். சாம்பல் வாசனை. அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது வருகிற வாசனை.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

குரல் இரும்பில் முட்டி முட்டி எங்கோ போய், கொஞ்சம் வயதாகித் திரும்பி வந்தது. நெட்டை காத்திருந்தான். "இன்னொரு வாட்டி."

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

"கடைசியா ஒருதடவை, பாப்பா. கூப்பிட்டுட்டுக் கொஞ்சம் நின்னு கேக்கணும். அண்ணன் நல்லா நின்னுதான் கேப்பாரு."

மூன்றாவது முறை வாயைத் திறந்தபோது வார்த்தை வரவில்லை. அவள் தலையை வெளியே எடுக்கவில்லை. தகரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கறுப்புக்குள் அப்படியே நின்றாள். ஹெல்மெட் நழுவி உள்ளே விழுந்து நெடுந்தூரம் உருண்டது. ஓசை அடங்க வெகுநேரமாயிற்று. ஊர் முழுவதும் அந்தத் துளைக்கு வெளியே விசிறியில்லாமல் காத்திருந்தது.

பிறகு அவள் கூப்பிட்டாள். கேள்வியைப் பாதியாக்கிக்கொண்டு, வீட்டில் கூப்பிடுகிற குரலில்.

"உள்ள இருக்கீங்களா?"

நின்று கேட்டாள்.

"யாரும் இல்ல," என்றாள் கடைசியில், திரும்பாமலே. நெட்டை உள்ளே புகுந்து ஹெல்மெட்டை எடுத்து வந்தான். அவன் வெளியே வந்ததும் துளையின் கதவை வைத்து நட்டுகளை முறுக்கினார்கள்.

பூட்டு இருந்த அறை இரும்பு அலமாரிகளாக இருந்தது. சிவப்புப் பூட்டு, கட்டைவிரல் அளவு. அதோடு ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் அப்பாவின் பழைய புகைப்படம். தலை நிறைய முடியோடு, யாரையோ பொருட்படுத்தாத பார்வையோடு இருந்தார். கீழே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: இயக்காதே. நான் உள்ளே இருக்கிறேன்.

சாவி முதலில் இடப்பக்கம் திரும்பவில்லை, பிறகு வலப்பக்கம் திரும்பியது. அட்டையை இன்ஜினியர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அவர் கையை நீட்டவில்லை. பெரியவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரோ எங்கோ போனில், "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்கள்.

வீடு திரும்பியபோது வாசலில் பிணவண்டி நின்றது. பெரியவள் ஜீப் நிற்பதற்குள் குதித்தாள்.

டீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நடந்ததை முதலில் தன் வாயால் சொல்லாவிட்டால் அவளுக்கு நெஞ்சடைத்திருக்கும். "ஒண்ணும் ஆகல, உள்ள வா. உங்க பெரியப்பா வண்டியைக் கொண்டாந்து நிறுத்திட்டாரு. தூக்கறதுக்கு ஆளு வேற. உங்கம்மா கையை எடுக்கவே இல்லையே! நாலு ஆம்பளைங்க சுத்தி நிக்கறாங்க, இவ பாட்டுக்கு மூடி மேல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. 'பிள்ளைங்க ரெண்டும் வரட்டும்'னா. அவ்ளோதான். எனக்கு வந்துதே கோவம். ஏன்யா, பொம்பளை கையைப் பிடிச்சு இழுத்தா தூக்கப்போறீங்கன்னு நல்லாக் கேட்டுட்டேன்."

பெரியப்பா மூலையில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். நல்லாவே கேட்டிருப்பாள் என்று தெரிந்தது.

கூடத்தில் பெட்டியைச் சுற்றிலும் பாத்திரங்கள். குண்டான், சட்டி, பால் வாளி, குழந்தை குளிக்கும் தொட்டி. எல்லாவற்றிலும் ஐஸ். தெருவில் கரண்ட் இல்லாமல் உருகிக்கொண்டிருந்த அத்தனை ஃப்ரிட்ஜையும் டீச்சர் காலிசெய்ய வைத்திருக்கிறாள். ஒரு சட்டியில் மீன் வாசனை அடித்தது. ஐஸ்கிரீம் டப்பா ஒன்று முழுசாகவே இருந்தது. மாடிவீட்டுக்காரர் உறைந்த குளிர்பான பாட்டில்களாகத் தந்திருந்தார், காரியம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லி. பெட்டிக்காரன் பேச்சை மீறி, அம்மாவே கைகொடுக்க, இன்னும் ஒரே ஒரு முறை மூடியைத் தூக்கி, உடம்பின் இரண்டு பக்கமும் பொட்டலம் பொட்டலமாக அடுக்கியிருந்தார்கள்.

"எடுத்தாச்சா?" என்றாள் அம்மா.

"ம்."

"கூப்பிட்டியா?"

பெரியவள் தலையை ஆட்டினாள். அம்மா மூடிமேலிருந்து கையை எடுத்தாள். அது மரத்துப்போயிருந்தது. பெரியவள் அதைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் சின்னவள் வந்தாள். அவளுடைய பயணப் பெட்டியில் விமான நிலையத்துச் சீட்டு கிழிக்கப்படாமல் தொங்கியது. வழியெல்லாம் அழுது முடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். கண்ணாடிமேல் படிந்திருந்த நீரை அம்மா தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். சின்னவள் நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு சுளிப்பு வருகிறதா, ஒரு பின்வாங்கல் வருகிறதா என்று பார்த்தாள்.

"தூங்கற மாதிரியே இருக்காரு," என்றாள் சின்னவள். பிறகு, "ஏன் இப்படி இளைச்சிட்டாரு? நீங்க யாரும் போன்ல சொல்லவே இல்ல?"

"ஷட்டவுன்னா இளைப்பாரு," என்றாள் பெரியவள். "அப்புறம் தேறிடுவாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. அதை யாரும் திருத்தவில்லை.

அப்போது கரண்ட் வந்தது. அவள் திறந்துவிட்ட கரண்ட் இல்லை அது. அதற்கு நாளை மதியம் ஆகும். தெருவின் முறை வந்ததால் வந்தது, அவ்வளவுதான். ஐஸ் பெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமத் தொடங்கியது. விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் டிவி உச்சக் குரலில் சிரித்தது. யாரோ ஓடிப்போய் அதன் வாயை அடைத்தார்கள். கூடத்தில் ஒரு நிமிடம் எல்லோரும் நன்றாக அழுதார்கள்.

அழுகையின் நடுவே டீச்சர் மெல்ல எழுந்தாள். செருப்பைத் தேடினாள். "தொட்டில பொட்டுத் தண்ணி இல்ல, இதோ வந்துடறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் போனதும் இன்னொருத்திக்கும் நினைவு வந்தது. பிறகு மாடிவீட்டுக்காரருக்கு. பெரியப்பாகூட யாரோ ஒருவரின் வீட்டுக்கு உதவிக்குப் போனார். கரண்ட் மறுபடி போவதற்குள் ஏற்றிக்கொண்டால்தான் உண்டு. தெரு முழுக்க வரிசையாகத் தண்ணீர் மோட்டார்கள் முனக ஆரம்பித்தன.

கூடத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். சின்னவள் அம்மாவின் தோளில் சாய்ந்து அப்படியே கண்ணயர்ந்திருந்தாள். ஐஸ் உருகிய நீர் பாத்திரங்களிலிருந்து கசிந்து தரையில் ஓடியது.

"நம்ம மோட்டாரைப் போட்டியா?" என்றாள் அம்மா.

பெரியவள் எழுந்து பின்கட்டுக்குப் போய் சுவிட்சைத் தட்டினாள். கீழே மோட்டார் நடுங்கியது. முதலில் காற்றுதான் போனது. அவள் சுவரில் சாய்ந்து, முகத்தை உயர்த்தி, மாடியில் காலித் தொட்டியின் அடியில் தண்ணீர் விழும் சத்தம் வரும்வரை அங்கேயே நின்றாள்.